தடைக்காலமும் லீவும் பல் வைத்தியமும்

பல் சொத்தையாக நான்கு சேர வேண்டும்: பல், வாய்க்குள் வாழும் பாக்டீரியா, அதற்குத் தீனியாகும் சர்க்கரை, இவை மூன்றும் தம் வேலையை முடிக்கப் போதுமான நேரம். சர்க்கரையைத் தின்ற பாக்டீரியா அமிலத்தை விடுகிறது. வாயின் பிஹெச் அளவு 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். அரை மணி நேரம், சில வேளை அதற்கும் கூடுதலான நேரம் கழித்து, உமிழ்நீர் அந்த அமிலத்தை அடக்கி, கரைந்த தாதுவில் ஒரு பகுதியைத் திரும்பப் பல்லில் படிய வைக்கும். உடம்பிலேயே கடினமான பொருள் எனாமல்; எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் தாது. ஆனால் அதில் உயிரணு கிடையாது. முறிந்த எலும்பு கூடும், உடைந்த எனாமல் கூடாது. கரைவதும் படிவதும் சமமாக இருக்கும்வரை பல் தாங்கும். கரைவது மிஞ்சினால் குழி விழும்.

அதனால்தான் எவ்வளவு இனிப்பு சாப்பிட்டோம் என்பதைவிட எத்தனை தடவை சாப்பிட்டோம் என்பது பல்லுக்கு முக்கியம். கன்னியாகுமரி மாவட்டத்தில் குழித்துறைத் தாமிரபரணி கடலில் கலக்கும் தேங்காய்ப்பட்டணத்திலும் அதைச் சுற்றிய கரையோர ஊர்களிலும் நாள் முழுக்கக் கட்டன் சாயா ஓடும். ஒவ்வொரு கிளாசிலும் சீனி. கூட ஒரு பழம்பொரியோ, சர்க்கரைவரட்டியோ, வீட்டில் செய்த முந்திரிக்கொத்தோ. மத்தியானச் சாப்பாட்டோடு சேர்த்து முந்திரிக்கொத்து நாலைந்து தின்றால் பல்லுக்கு வருவது ஒரே ஒரு அமிலத் தாக்குதல். அதையே ஒன்றொன்றாகப் பகல் முழுக்கக் கொறித்தால் உமிழ்நீருக்கு ஈடுகட்ட இடைவெளியே கிடைக்காது. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் பல்லுக்குப் பெரிய எதிரி அல்ல. பல்லிடுக்கில் ஒட்டிக்கொள்ளும் மாவுப்பண்டமும் சீனிச் சாயாவும்தான் எதிரி. சாயாவில் சீனியைக் குறைப்பது எந்தப் பற்பசையைவிடவும் மலிவான பல் வைத்தியம்.

பல் தேய்க்கும் வழக்கம் இந்தப் பகுதியில் பழையது, பல விதமானது. உமிக்கரி, உப்பு, மாவிலை, வேப்பங்குச்சி, பள்ளிவாசலுக்குப் போகிறவர்களின் சட்டைப்பையில் மிஸ்வாக். இவற்றில் உமிக்கரியைப் பற்றி ஒரு எச்சரிக்கை தேவை. உமியில் சிலிக்கா நிறைய உண்டு. அதன் கரி கறையை எடுப்பதோடு எனாமலையும் ஈறோரத்து வேர்ப்பகுதியையும் அராவி எடுக்கிறது. நாற்பது வயதில் ஈறு ஓரம் குடைந்து பள்ளமாகி, குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீரென்று கூசும் பற்களுக்குப் பின்னால் பெரும்பாலும் இப்படி ஒரு தேய்ப்போ, முரட்டுப் பிரஷோ இருக்கும். பெட்டிக்கடையில் கிடைக்கும் சிவப்புப் பல்பொடிக்கும், இப்போது அழகான டப்பாவில் கூடுதல் விலைக்கு வரும் கரிப் பற்பசைக்கும் இதே கணக்குதான். உகா மரத்தின் வேரிலிருந்தும் கிளையிலிருந்தும் எடுக்கும் மிஸ்வாக்கின் கதை வேறு. அதில் பாக்டீரியாவை அடக்கும் பொருட்கள் இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. உலக சுகாதார நிறுவனமும் அதை ஏற்றுக்கொண்டுள்ளது. ஆனால் குச்சி பின்பற்களின் உட்பக்கம் எட்டாது. மிஸ்வாக் பிரஷுக்குத் துணையாக இருக்கலாம், மாற்றாக அல்ல.

பிரஷ் மென்மையான நாருள்ளதாக இருக்க வேண்டும். பற்பசையில் பார்க்க வேண்டியது ஒன்றே: ஃபுளோரைடு உண்டா? அது கரைந்த தாது திரும்பப் படிவதற்கு உதவுகிறது; படியும் தாது முன்பைவிட அமிலத்தைத் தாங்குகிறது. இந்தியப் பற்பசைகளில் இது 1000 பிபிஎம் அளவில் இருக்கும். வளைகுடாவிலிருந்து பெட்டியில் வரும் ட்யூபில் பெரும்பாலும் 1450 என்று அச்சிட்டிருக்கும். பெரியவர்களுக்கு இரண்டும் ஏற்றவை. மூலிகை என்று விற்கும் பலவற்றில் ஃபுளோரைடு இருப்பதில்லை. பிரஷை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்த்து வைத்து, சிறு அசைவாக, இரண்டு நிமிடம் தேய்த்தால் போதும். அழுத்திக் குறுக்காக இழுக்கக் கூடாது. தேய்த்து முடித்ததும் நுரையைத் துப்பிவிட்டு, வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காமல் இருப்பது நல்லது. கொப்பளித்தால் ஃபுளோரைடும் போய்விடும். பல்லிடுக்குக்குப் பிரஷ் எட்டாது. அங்கே நூலோ, இடுக்குப் பிரஷோ வேண்டும். ஊசியும் தீக்குச்சியும் வேண்டாம்.

இரவுத் தேய்ப்பைத்தான் பெரும்பாலான வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். காலையில் தேய்ப்பது பழக்கமாகவும் மரியாதையாகவும் ஆகிவிட்டது. ராத்திரி யார் பார்க்கப் போகிறார்கள் என்ற நினைப்பு. ஆனால் தூக்கத்தில் உமிழ்நீர் மிகவும் குறைந்துபோகும். இராச் சாப்பாட்டின் மிச்சம் அப்படியே ஏழெட்டு மணி நேரம் பாக்டீரியாவுக்குக் கிடைக்கும். ஒரு நாளில் ஒரே ஒரு தடவைதான் தேய்க்க முடியும் என்றால் அது இரவாக இருக்கட்டும். நோன்பு மாதத்தில் இந்தக் கணக்கு இடம் மாறுகிறது: பகலில் வாய் உலர்ந்து கிடக்கும், நோன்பு திறந்தபின் கஞ்சி, பேரீச்சம்பழம், சர்பத், பொரித்த பண்டம் என்று நள்ளிரவுவரை வாய் ஓயாது. அந்த மாதத்தில் விடியுமுன் சஹர் சாப்பிட்டு முடித்த கையோடு தேய்ப்பதுதான் தலையாயது. அதற்குப் பிறகு பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் வாய் வறண்டு கிடக்கப் போகிறது.

சொத்தை வலிக்கும். ஈறு நோய் வலிக்காது, அதனால்தான் அது மோசம். தேய்க்காமல் விட்ட படிவு சில நாளிலேயே உமிழ்நீரின் தாதுவோடு சேர்ந்து காரையாக இறுகும். அதன்மேல் மேலும் படிவு சேரும், ஈறு வீங்கும், தேய்க்கும்போது ரத்தம் கசியும். இது நின்றுவிடாமல் உள்ளே போனால் பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். காரையைப் பிரஷால் எடுக்க முடியாது, அதற்குத்தான் கிளீனிங். கிளீனிங் செய்தால் பல் ஆடும், இடைவெளி வரும் என்ற பேச்சு எல்லா ஊரிலும் உண்டு. நடப்பது இதுதான்: எலும்பு ஏற்கெனவே கரைந்திருக்கும், காரை அந்த இடைவெளியை அடைத்துப் பல்லைப் பிடித்து வைத்திருக்கும். காரையை எடுத்ததும் பழைய நஷ்டம் கண்ணுக்குத் தெரிகிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு ஈறு நோய் விரைவாக முற்றும். முற்றிய ஈறு நோய் சர்க்கரைக் கட்டுப்பாட்டையும் கெடுக்கும். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல்லையும் காட்டுவது அவசியம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் பல் எடுக்கும் முன் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது.

வெற்றிலையை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். வெற்றிலை போடுவது விருந்துபசாரம், மரியாதை, பொழுதுபோக்கு எல்லாமும்தான். போயிலை கெடுதல் என்று எல்லோருக்கும் தெரியும். பாக்கு மட்டும் பாவமில்லை என்று நினைப்பவர்கள் ஏராளம். உலக சுகாதார நிறுவனத்தின் கீழுள்ள புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வெளியிட்ட அறிக்கையில் பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது. பாக்குப் பழக்கம் முற்றினால் கன்னத்தின் உட்சதை கயிறுபோல் இறுகி, வாய் விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்காமல் போகும். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறப்பது குறைதல் ஆகிய மூன்றில் எது இருந்தாலும் தாமதம் கூடாது. பல்லில் வெற்றிலைக் கறை போகவில்லையே என்று வருகிறவர்களின் கன்னத்தைத்தான் நல்ல பல் மருத்துவர் முதலில் விரித்துப் பார்ப்பார்.

குழந்தைகளைப் பற்றி ஒன்றிரண்டு செய்தி. முதல் பல் முளைத்த நாளிலிருந்தே தேய்க்கலாம். மூன்று வயதுவரை அரிசியளவு பசை, ஆறுவரை பட்டாணியளவு. ஆறு வயதில் பால்பற்களுக்குப் பின்னால் ஒரு பெரிய கடைவாய்ப்பல் சத்தமில்லாமல் முளைக்கும். அதற்கு முன் எந்தப் பல்லும் விழாததால் அதையும் பால்பல் என்று நினைத்து, சொத்தை வந்தாலும் விழப்போவதுதானே என்று விட்டுவிடுகிறார்கள். அது ஆயுள் முழுக்க இருக்க வேண்டிய பல்.

பல் வலி வந்தால் கரையில் இருப்பவருக்கு மருத்துவர் உண்டு. ஆழ்கடலுக்குப் போகும் தூத்தூர் பகுதி மீனவர்களுக்கு அப்படி இல்லை. வாரக்கணக்கில் படகிலேயே தங்குகிறார்கள். அங்கே கைகொடுப்பது கிராம்பு எண்ணெய். கிராம்பிலுள்ள யூஜினால் நரம்பை மரக்கச் செய்யும். பல் மருத்துவர்களும் தற்காலிக அடைப்பில் அதைத்தான் துத்தநாக ஆக்சைடோடு குழைத்துப் பயன்படுத்துகிறார்கள். இந்த மாவட்டத்து மலைச்சரிவுகளில் விளையும் கன்னியாகுமரி கிராம்புக்கு 2021-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பஞ்சில் ஒரு சொட்டு நனைத்துக் குழியில் வைக்கலாம். ஈறில் ஊற்றினால் பொத்துப்போகும். வலி மாத்திரையை விழுங்க வேண்டும், பல்லோரம் அதக்கி வைத்தால் சதை வெந்துவிடும். வலி குறைந்ததும் பலர் நோய் போய்விட்டதாக நினைக்கிறார்கள். பல நேரம் அது நரம்பு செத்துப்போனதன் அடையாளம்; அடுத்தது சீழ். தாடை வீங்கிக் காய்ச்சல் வந்து, வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாமல் போனால் உயிருக்கே ஆபத்து. அப்போது மீன்பாட்டைப் பார்க்காமல் படகைக் கரைக்குத் திருப்ப வேண்டும்.

அடிபட்டுப் பல் முழுதாகக் கழன்று விழுவதும் கடல் தொழிலில் நடப்பதே. நிரந்தரப் பல்லானால் வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்தெடுத்து, லேசாக அலசி, அதே குழியில் பொருத்திக் கடித்துக்கொள்ள வேண்டும். முடியாவிட்டால் பாலில் போட்டு அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போனால் திரும்ப ஒட்ட வாய்ப்பு அதிகம். தண்ணீரில் போட்டு வைக்கக் கூடாது. 2008-ல் சென்னைப் பல் மருத்துவ ஆய்வாளர்கள் இளநீரைச் சோதித்து நல்ல பலன் கண்டார்கள். பின்னால் வந்த சில ஆய்வுகள் அதன் அமிலத் தன்மை பல்லைச் சுற்றிய உயிரணுக்களுக்கு ஆகாது என்றன. தென்னந்தோப்பு ஊரானாலும் பால் கிடைக்கும்போது பாலே மேல்.

இந்தக் கரையில் பல் வைத்தியத்துக்கு இயல்பாகவே ஒரு காலம் உண்டு. மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் தடைக்காலம். படகைக் கரையேற்றி எஞ்சினைப் பழுதுபார்க்கும் அதே நாள்களில் வாயையும் பழுதுபார்த்துவிடலாம். கிளீனிங் ஒரே நாள் வேலை. சிறு சொத்தையை ஒரு அமர்வில் அடைத்துவிடலாம். சொத்தை நரம்பைத் தொட்டிருந்தால் ரூட் கெனால்: செத்த அல்லது அழுகிய நரம்பை எடுத்து, வேரின் கால்வாயைக் கழுவி அடைத்து, மேலே கேப் போடுவது. ஒன்று முதல் மூன்று அமர்வு, கேப்புக்கு இன்னும் ஒரு வாரம். கேப் போடாமல் கடலுக்குப் போகிறவர்களின் கடைவாய்ப்பல் பல நேரம் அங்கேயே இரண்டாகப் பிளந்துவிடும். காப்பாற்றவே முடியாத பல்லை எடுத்தால் குழி ஆறி எலும்பு அடங்க இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். நிலையான பிரிட்ஜ் அதற்குப் பிறகுதான் சரியாக உட்காரும். அதுவரை கழற்றி மாட்டும் பல் போட்டுக்கொள்ளலாம். பல்செட்டு வைத்திருப்பவர்கள் இரவில் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். வாயிலேயே வைத்துத் தூங்கினால் ஈறு சிவந்து பூஞ்சை பிடிக்கும்.

லீவுக்கு வளைகுடாவிலிருந்து வருகிறவர்களின் கணக்கு வேறு விதம். அங்கே பல் வைத்தியம் செலவு, ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று வருடக்கணக்கில் தள்ளிப்போட்டு, ஒரு மாத லீவில் எல்லாவற்றையும் முடிக்கக் கேட்பார்கள். அதில் முடிபவை உண்டு, முடியாதவையும் உண்டு. எலும்பில் டைட்டானியத் திருகைப் பதித்து அதன்மேல் பல் வைக்கும் இம்ப்ளான்ட் முடியாது. டைட்டானியம் எலும்போடு பிணையும் என்பதைக் கண்டறிந்தவர் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் பெர்-இங்வார் பிரோனெமார்க். 1965-ல் அவர் முதல் நோயாளிக்குப் பொருத்தினார். அந்தப் பிணைப்புக்குக் கீழ்த்தாடையில் ஏறத்தாழ மூன்று மாதமும், எலும்பு மென்மையான மேல்தாடையில் அதைவிடக் கூடுதலாகவும் ஆகும். திருகை இந்த லீவில் வைத்து, மேல் பல்லை அடுத்த லீவில் பொருத்துவது நிதானமான வழி. சிலருக்கு உடனே பல் வைக்க முடியும். எலும்பின் தரத்தைப் பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டியது அது, விமான டிக்கெட்டின் தேதி சொல்ல வேண்டியதல்ல. புகை பிடிப்பவர்களுக்கும் சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கும் இம்ப்ளான்ட் தோற்கும் வாய்ப்பு கூடுதல்.

இனி அழகு வைத்தியம். கல்யாணத் தேதி குறித்ததும் மாப்பிள்ளையும் பெண்ணும் முதலில் கேட்பது பல்லை வெளுப்பாக்க முடியுமா என்பது. கறை இரண்டு வகை. சாயா, பீடி, வெற்றிலைக் கறை வெளியே படிவது. இதற்குப் பெரும்பாலும் கிளீனிங்கே போதும், வெளுக்க வைக்கும் செலவு மிச்சம். உள்ளிருந்து வரும் நிறம் வேறு: வயதானதால் மஞ்சளாவது, சிறுவயதில் டெட்ராசைக்கிளின் மாத்திரை சாப்பிட்டதால் வரும் சாம்பல் பட்டை, அடிபட்டு நரம்பு செத்த ஒற்றைப் பல்லின் கருமை, தர்மபுரி, சேலம் பக்கத்து நிலத்தடி நீரில் மிஞ்சிய ஃபுளோரைடால் வரும் வெள்ளை, பழுப்புத் திட்டுகள். பிளீச்சிங் ஜெல்லில் இருப்பது ஹைட்ரஜன் பெராக்சைடு அல்லது கார்பமைடு பெராக்சைடு. அது எனாமலுக்குள் ஊடுருவி நிறப்பொருளை உடைக்கிறது. வயதின் மஞ்சளுக்கு நன்றாக வேலை செய்யும். டெட்ராசைக்கிளின் பட்டைக்குக் கொஞ்சமாகத்தான். கேப்பையோ பழைய அடைப்பையோ வெளுக்காது. அதனால் முன்பல்லில் கேப் இருப்பவர் முதலில் வெளுத்து, பிறகு கேப்பை நிறம் சேர்த்து மாற்ற வேண்டும்; தலைகீழாகச் செய்தால் ஒற்றைப் பல் மட்டும் தனியாகத் தெரியும். வெளுத்த நிறம் நிரந்தரம் அல்ல. சாயா குடிப்பவருக்கு ஓரிரு வருடத்தில் மங்கத் தொடங்கும்.

முன்பல் முனை உடைந்திருந்தாலோ நடுவே இடைவெளி இருந்தாலோ எளிய வழி காம்பசிட் பாண்டிங்: பல்லின் நிறத்திலுள்ள பிசினை நேராகப் பல்லிலேயே வடித்து ஒளியால் இறுக்குவது. இது சாத்தியமானது 1955-ல் அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் புவோனகோர் எனாமலில் அமிலம் பூசிச் சொரசொரப்பாக்கினால் பிசின் பிடித்துக்கொள்ளும் என்று காட்டியதால். ஒரே நாளில் முடியும், பல்லை அவ்வளவாக ராவ வேண்டியதில்லை. சில வருடத்தில் கறை பிடித்தால் மெருகேற்றலாம், உடைந்தால் ஒட்டலாம். வெளுத்த பல்லில் இதைச் செய்ய இரண்டு வாரமாவது பொறுக்க வேண்டும். பல்லுக்குள் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் பிடிப்பைக் கெடுக்கும், நிறமும் அதற்குள் நிலைபெற்றிருக்காது.

வெனீர் என்பது முன்பல்லின் முகப்பில் ஒட்டும் மெல்லிய பீங்கான் ஓடு. 1930-களில் ஹாலிவுட்டில் சார்லஸ் பிங்கஸ் என்ற பல் மருத்துவர் நடிகர்களுக்குப் படப்பிடிப்பு நேரத்துக்கு மட்டும் ஒட்டிக் கழற்றும் ஓடாகச் செய்தது இதன் தொடக்கம். இப்போதைய வெனீர் கழற்றுவதற்கல்ல. பெரும்பாலும் முகப்பு எனாமலைச் சிறிதளவு ராவித்தான் ஒட்டுகிறார்கள். ராவிய எனாமல் திரும்ப வராது. இருபது வயதில் வெனீர் போடுகிறவர் ஆயுளில் இரண்டு மூன்று தடவையாவது அதை மாற்ற வேண்டிவரும். உருக்குலைந்த பல்லுக்கும் எதற்கும் வெளுக்காத கறைக்கும் அது வரம். கொஞ்சம் கோணிய, மற்றபடி நல்ல பற்களை நேராகக் காட்ட ராவுவது அவசரக்காரரின் வழி. அதற்குக் கம்பி இருக்கிறது.

கம்பி, அதாவது கிளிப் போட்டால் ஒன்றரை முதல் இரண்டு வருடம், ஏறத்தாழ மாதம் ஒருமுறை மருத்துவரிடம் போக வேண்டும். லீவில் வருகிறவருக்கும் கடலுக்குப் போகிறவருக்கும் இது பொருந்தாது. கண்ணுக்குத் தெரியாத அலைனர் தகடுகளை வாரம் அல்லது இரண்டு வாரத்துக்கொன்றாகத் தாமே மாற்றிக்கொள்ளலாம் என்பதால் வெளிநாட்டில் இருப்பவர்கள் அதை நாடுகிறார்கள். ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் போட்டிருந்தால்தான் பல் நகரும். இணையத்தில் பார்த்து, மருத்துவர் ஒருமுறைகூட வாயைப் பார்க்காமல் தகடு வாங்குவது ஆபத்து. அமெரிக்காவில் இப்படி விற்ற ஸ்மைல்டைரக்ட்கிளப் நிறுவனம் 2023 டிசம்பரில் இழுத்து மூடியபோது பாதிச் சிகிச்சையில் இருந்தவர்கள் கைவிடப்பட்டார்கள். கம்பியோ அலைனரோ எதுவானாலும், முடிந்தபின் ரிடெய்னர் போடாவிட்டால் பல் பழைய இடத்துக்கே நகரும்.

கல்யாணத்துக்கு நாள் இருக்கும்போதே வரிசையைத் திட்டமிட வேண்டும். முதலில் சொத்தையும் ஈறும், பிறகு கிளீனிங், ஒரு வாரமாவது கழித்து வெளுப்பு, அதற்கு இரண்டு வாரம் கழித்து பாண்டிங் அல்லது கேப். மொத்தம் இரண்டு மாதம் வைத்துக்கொண்டால் நிதானமாக முடியும். முந்தின நாள் வந்து வெளுத்துத் தரச் சொல்பவருக்குக் கல்யாணப் பந்தியில் பாயசமும் கூசும்.

பலகையில் ஸ்மைல் டிசைன், காஸ்மெடிக் நிபுணர் என்று எழுதியிருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது: இந்தியாவில் பல் மருத்துவ மேற்படிப்பான எம்டிஎஸ்ஸில் அழகுப் பல் மருத்துவம் என்று தனிப் பிரிவு கிடையாது. செயற்கைப் பல், வேர் சிகிச்சை, பல் சீரமைப்பு ஆகிய பிரிவுகளில் படித்தவர்களும், அனுபவமுள்ள பிடிஎஸ் மருத்துவர்களுமே இந்த வேலைகளைச் செய்கிறார்கள். யாரானாலும் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலிலோ வேறொரு மாநிலக் கவுன்சிலிலோ பதிவு எண் இருக்க வேண்டும். செலவு கட்டுப்படாதவர்களுக்குத் தக்கலையிலுள்ள மாவட்டத் தலைமை மருத்துவமனை, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற அரசு இடங்கள் உண்டு. குலசேகரம் மூகாம்பிகை பல் மருத்துவக் கல்லூரி, எல்லை தாண்டினால் 1959-ல் தொடங்கிய திருவனந்தபுரம் அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆகியவற்றில் பயிற்சி மருத்துவர்கள் ஆசிரியர்களின் மேற்பார்வையில் பார்ப்பார்கள். தனியார் கிளினிக்கைவிடச் செலவு குறையும், நேரம் கூடும்.

பெரிய வேலை எதையும் தொடங்கும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை நான்கு: பல்லை எவ்வளவு ராவ வேண்டும், எத்தனை அமர்வு, எத்தனை வருடம் தாங்கும், ஒன்றுமே செய்யாமல் விட்டால் என்ன ஆகும். எக்ஸ்ரேயையும், போட்ட கேப், இம்ப்ளான்ட்டின் கம்பெனி விவர அட்டையையும் கையோடு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த தடவை துபாயிலோ கொச்சியிலோ வேறொரு மருத்துவர் அதைத்தான் முதலில் கேட்பார்.